குத்தகை நிலத்தில் ஓடும் விளையாட்டு: பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் நெருக்கடி

பிரிட்டனின் முதல்நிலை ஸ்பீட்வே லீகை 2016இல் வுல்வர்ஹாம்ப்டன் வென்றது. 2017இல் ஸ்விண்டன், 2018இல் பூல், 2019இல் மறுபடியும் ஸ்விண்டன். கோவிட் ஆண்டான 2020இல் லீக் நடக்கவில்லை. 2021இல் பட்டம் பீட்டர்பரோவுக்குப் போனது. 2024ஆம் ஆண்டுப் பந்தயப் பருவம் தொடங்கியபோது இந்த நான்கு அணிகளில் ஒன்றுகூட அந்த லீகில் இல்லை. பூல் தானே முன்வந்து ஒரு படி கீழே இறங்கியிருந்தது. மற்ற மூன்றுக்கும் பந்தயம் ஓட இடமே இல்லாமல் போயிருந்தது.

தோற்ற அணி நொடிந்துபோவது எந்த விளையாட்டிலும் நடப்பதுதான். வென்றவர்கள் வரிசையாகக் காணாமல் போவது வேறு வகைச் செய்தி. ஸ்பீட்வேயின் சரிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இந்தச் செய்தியை விளக்கப் போதுமானவையா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு நிமிடப் பந்தயம்

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகருக்காகச் சுருக்கமாக. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின்; எரிபொருள் மெத்தனால்; ஒரே கியர்; பிரேக் கிடையாது. பைக்கின் எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது. முந்நூறு மீட்டரை ஒட்டிய நீள்வட்டத் தடத்தில் ஷேல் எனப்படும் நொறுங்கிய பாறைத் துகள் பரப்பியிருக்கும். நான்கு பேர், நான்கு சுற்று, இடஞ்சுழியாக. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை.

தொடக்கக் கோட்டுக்கு வரும் வீரர் முதலில் செய்வது மண்ணைக் கிளறுவது. பின்சக்கரம் பிடித்துக்கொள்ள ஏற்றபடி காலணியால் ஒரு சிறு பள்ளம் பறித்துக்கொள்வார். இரண்டு நிமிடக் கெடு முடிவதற்குள் வரிசையில் நின்றாக வேண்டும். குறுக்கே கட்டிய நாடாக்கள் மேலே எகிறியதும் கிளட்ச் விடுபடும். முதல் வளைவை யார் முதலில் எட்டுகிறாரோ அவர் கையில் பாதிப் பந்தயம் வந்துவிடும். இடது காலணியின் அடியில் பூட்டிய எஃகுத் தகடு தரையில் உராய்ந்துகொண்டே போகும். வண்டி இடப்பக்கம் வளையும்போது முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கும். பின்சக்கரம் பக்கவாட்டில் சறுக்கியபடி வேலி ஓரம் நிற்பவர்கள்மீது மண்ணை வாரி இறைக்கும். ஒரு நிமிடம், சில வேளைகளில் அதற்கும் சற்றுக் குறைவு. எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு லீக் ஆட்டத்தில் இப்படி 15 ஹீட்கள். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீலத் தலைக்கவசங்கள். விருந்தினர் அணிக்கு வெள்ளை, மஞ்சள். பார்வையாளர்கள் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் ஒவ்வொரு ஹீட்டின் முடிவையும் பேனாவால் தாங்களே நிரப்பிக்கொண்டு வருவார்கள். விளக்கொளியில் ஆமணக்கெண்ணெய் கருகும் வாசனைக்காகவே வருகிறோம் என்று சொல்லும் பழைய ரசிகர்கள் உண்டு. இடையிடையே டிராக்டர் வந்து தடத்தைச் சமன்படுத்தும், தண்ணீர் வண்டி வந்து நனைக்கும். மழை பெய்தால் ஆட்டம் ரத்து. இரண்டு மணி நேர மாலையில் உண்மையான பந்தயம் கால் மணி நேரம் மட்டுமே என்பதை விமர்சகர்கள் அடிக்கடி சுட்டுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கால் மணி நேரம் 1928இலும் இவ்வளவேதான் இருந்தது. அப்போது அது யாரையும் விரட்டவில்லை.

வழக்கமான விளக்கங்களும் அவற்றின் போதாமையும்

ஸ்பீட்வேயின் பிறப்பிடமாகப் பலர் சொல்வது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ட் மெயிட்லண்ட். அங்கே 1923 டிசம்பரில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. பிரிட்டனில் முதல் பந்தயம் எது என்பதில் இன்றும் சச்சரவு ஓயவில்லை. 1927இலேயே கேம்பர்லியிலும் ட்ராயில்ஸ்டனிலும் ஏதோவொரு வடிவில் ஓடினார்கள். ஆனாலும் நாட்டைப் பற்றிக்கொண்ட தீ 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டின் ஹை பீச்சில், கிங்ஸ் ஓக் மதுவிடுதியின் பின்புறத்தில் மூண்டது. அமைப்பாளர்கள் சில ஆயிரம் பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. 30,000 என்று சொல்வோரும் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் தடங்கள் முளைத்துவிட்டன; மறு ஆண்டே லீக்குகளும் வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது பொற்காலம். 1949 உலக இறுதிப் போட்டியில் 90,000க்கும் மேற்பட்டோர் வெம்ப்ளியை நிறைத்தார்கள். டாமி பிரைஸ் வென்று முதல் இங்கிலாந்து உலகச் சாம்பியன் ஆனார். ஐம்பதுகளின் நடுவில் கூட்டம் கரைந்தது. தொலைக்காட்சி வந்ததும், கிரிக்கெட், கால்பந்தைவிட ஸ்பீட்வேமீது கூடுதலாக விதிக்கப்பட்ட கேளிக்கை வரியும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 1957இல் வெம்ப்ளியின் தலைவர் ஆர்தர் எல்வின் இறந்தார். வெம்ப்ளி லயன்ஸ் அணியும் அந்தப் பருவத்தில் களமிறங்கவில்லை. ஸ்பீட்வே முடிந்தது என்று பலரும் எழுதிய காலம் அது.

ஆனால் முடியவில்லை. 1960இல் சிறிய ஊர்களை நம்பிப் பிராவின்ஷியல் லீக் தொடங்கியது. பெரிய லீகோடு பூசல் முற்றி, 1964இல் அந்த லீக் அதிகார அமைப்பின் அனுமதி இல்லாமலேயே நடந்தது. ஷாகிராஸ் பிரபுவின் விசாரணைக்குப் பிறகு இரண்டும் இணைந்து 1965இல் 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக் பிறந்தது. எழுபதுகளில் வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஸ்பீட்வே இடம்பிடித்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ஐவன் மோகர் பிரிட்டிஷ் லீகில் ஓடிக்கொண்டே ஆறு முறை உலகச் சாம்பியன் ஆனார். 1981இல் வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டிக்கும் அரங்கு நிரம்பவே செய்தது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் ‘மக்களின் ரசனை மாறிவிட்டது’ என்ற விளக்கம் பாதி உண்மையே. ரசனை முன்பும் மாறியது. ஆட்டம் இரண்டு முறை படுத்து எழுந்தது. இன்று எழ முடியாமல் இருப்பது ஏன்?

விடை அந்த மறுபிறப்புகள் எங்கே நடந்தன என்பதில் இருக்கிறது. 1955இல் மூடிய வெஸ்ட் ஹாம் அணி 1964இல் அதே அரங்குக்குத் திரும்பி வந்து, 1965இல் புதிய லீகின் முதல் பட்டத்தையும் வென்றது. வெம்ப்ளி லயன்ஸ் 1970இல் மீண்டும் ஓடியது, அதே வெம்ப்ளியில். அணி செத்தாலும் அரங்கு நின்றது. புதிய அமைப்பாளர் ஒருவர் முதலோடு வந்தால் மண்ணைக் கொட்டி, வேலியைச் சீர்செய்து, கதவைத் திறந்துவிடலாம். 1972இல் வெஸ்ட் ஹாம் அரங்கு இடிக்கப்பட்டு அங்கே வீடுகள் எழுந்தன. இன்று அந்த இடத்தில் ஹாஸ்கின்ஸ் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அங்கே வசிப்பவரிடம் வாடகைக்குத் தடம் கேட்க முடியாது.

நிலம் யாருடையது?

ஸ்பீட்வே தொடக்கத்திலிருந்தே வாடகைக்குக் குடிவந்த ஆட்டம். அதற்குச் சொந்த வீடு அமைந்தது அரிது. பெரும்பாலான இடங்களில் வீட்டுக்காரர் கிரேஹவுண்ட் நாய்ப்பந்தயம். பிரிட்டனில் நவீன நாய்ப்பந்தயம் 1926இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் தொடங்கியது; இரண்டு ஆண்டுகளில் ஸ்பீட்வே வந்தபோது நாடு முழுக்க நீள்வட்ட அரங்குகள், மின்விளக்குகள், மாடங்கள் எல்லாம் தயாராக இருந்தன. நாய்கள் ஓடாத இரவில் பைக்குகள் ஓடின. மூலதனமே இல்லாமல் ஒரு விளையாட்டு ஓராண்டில் நாடு முழுக்கப் பரவியது இதனால்தான். பின்னால் அதன் கழுத்தை நெரித்ததும் இதே ஏற்பாடுதான் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு.

1961 மே மாதம் சட்டபூர்வமான பந்தயக் கடைகள் பிரிட்டனின் தெருக்களில் திறந்தன. பணம் கட்ட நாய்ப்பந்தய அரங்குக்கே போக வேண்டிய தேவை போயிற்று. அரங்கின் வருமானம் சுருங்கச் சுருங்க, அதன் அடியில் கிடக்கும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. பேரங்காடியோ குடியிருப்போ கட்டினால் கிடைக்கும் தொகைக்கு முன் வாரம் ஒரு நாள் வாடகை எம்மாத்திரம்? இந்தக் கணக்கில் ஸ்பீட்வே அமைப்பாளருக்குக் குரலே கிடையாது. அவர் ஓர் இரவின் வாடகைக்காரர்.

லண்டனின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். போருக்குப் பின் வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், விம்பிள்டன், ஹாரிங்கே என ஐந்து அணிகள் ஒரே நகரில் முதல்நிலையில் ஓடின. பின்னாளில் ஹாக்னியும் இருந்தது. அதன் அரங்கு நின்ற நிலம் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்குள் போயிற்று. விம்பிள்டனின் ப்ளவ் லேனில் ஸ்பீட்வே 2005இல் நின்றது. இப்போது அங்கே கால்பந்து அரங்கு.

கவென்ட்ரியின் பிராண்டன் அரங்கில் ஸ்பீட்வே 1928 முதலே ஓடியது. 2016 பருவத்தோடு அணி வெளியேற நேர்ந்தது. உரிமையாளர்கள் வீடுகள் கட்ட விண்ணப்பித்தார்கள். ரசிகர்கள் கூடி நிதி திரட்டி, வல்லுநர்களை அமர்த்தி எதிர்த்தார்கள். ரக்பி நகராட்சி 2022இல் அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டு நடந்த மேல்முறையீட்டு விசாரணையிலும் உரிமையாளர்கள் தோற்றார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் இந்த வெற்றியின் எல்லையையும் கவனிக்க வேண்டும். வீடு கட்டக் கூடாது என்று உரிமையாளரைத் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. பந்தயம் நடத்து என்று கட்டாயப்படுத்த வழி இல்லை. தீர்ப்பு வந்தபோது அரங்கு தீக்கிரையாகி, பாழடைந்து, புதர் மண்டிக் கிடந்தது.

பீட்டர்பரோவின் நிலை இன்னும் கசப்பானது. 1970 முதல் அந்த அணி ஓடிய கண்காட்சித் திடல் 1,500 வீடுகள் கொண்ட வளர்ச்சித் திட்டத்துக்கு உட்பட்டது. 2021இல் அவர்கள் லீகை வென்ற அணியில் ஹான்ஸ் ஆண்டர்சன், கிறிஸ் ஹாரிஸ், ஸ்காட் நிக்கல்ஸ், பியார்னே பெடர்சன் என நாற்பதைத் தொட்டவர்களும் நெருங்கியவர்களும் நிறைந்திருந்தார்கள். ‘அப்பாக்களின் படை’ என்று கேலி பேசியவர்களை வாயடைக்க வைத்தார்கள். இரண்டே ஆண்டுகள். 2023 பருவம் முடிந்ததும் திடலின் கதவு அடைக்கப்பட்டது. அதே ஆண்டோடு வுல்வர்ஹாம்ப்டனும் மன்மோர் கிரீன் அரங்கைவிட்டு வெளியேறியது. அதன் உரிமையாளர் லாட்புரோக்ஸ் என்ற பந்தயச் சூதாட்ட நிறுவனம். ஸ்விண்டன் 1949 முதல் ஓடிய ஆபி அரங்கு, சுற்றிலும் வீடுகள் எழும்பும் மறுகட்டுமானத் திட்டத்தில் சிக்கிக்கொண்டது. 2019 பட்டத்துக்குப் பிறகு அந்த அணி ஒரு லீக் ஆட்டம்கூட ஓடவில்லை.

மாற்று உதாரணம் ஆக்ஸ்ஃபர்ட். கௌலியில் இருந்த அரங்கு 2012 இறுதியில் மூடியது. நகர மன்றம் அந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. பத்தாண்டு சும்மா கிடந்த அரங்கை ஒருவர் நீண்ட குத்தகைக்கு எடுத்துச் சீரமைக்க, 2022இல் நாய்களும் பைக்குகளும் திரும்பின. 1964இன் வெஸ்ட் ஹாம் கதை இந்த நூற்றாண்டிலும் நடக்கக்கூடியதே, இடிக்காமல் விட்டால்.

சத்தமும் சட்டமும்

நிலத்தோடு ஒட்டியே வரும் இன்னொரு சிக்கல் அக்கம்பக்கத்தார். சஃபோக்கின் மில்டன்ஹால் அரங்கு 1975இல் அனுமதி பெற்றுக் கட்டப்பட்டது, சுற்றிலும் வயல்வெளி. சுமார் 560 மீட்டர் தள்ளி இருந்த வீட்டை 2006இல் வாங்கிக் குடியேறியவர்கள் இரைச்சல் தாங்கவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2014 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மீண்டும் வீட்டுக்காரர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு இன்று சட்ட மாணவர்கள் கட்டாயம் படிப்பது. ‘நாங்கள் முன்பே இருந்தோம், நீங்கள் பிறகு வந்தீர்கள்’ என்பது இத்தகைய வழக்கில் தற்காப்பாகாது என்று நீதிமன்றம் சொன்னது. கட்டட அனுமதி இருப்பதாலேயே இரைச்சல் நியாயமாகிவிடாது என்றும் சொன்னது. ஸ்பீட்வே உலகில் இதை மரண ஓலையாகப் படித்தவர்கள் உண்டு. முழுத் தீர்ப்பையும் படித்தால் அவ்வளவு இருட்டாக இல்லை. நீண்ட காலம் தொடர்ந்த இரைச்சலுக்குக் காலப்போக்கில் உரிமை பிறக்க முடியும் என்பதை அதே நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றது. எடுத்தவுடன் தடையாணை போடாமல் இழப்பீட்டோடு முடிக்க நீதிபதிகள் இன்னும் தாராளமாக முன்வர வேண்டும் என்றும் கூறியது. மில்டன்ஹாலில் அதன் பிறகும் பைக்குகள் ஓடின. ஆனாலும் அரங்கை நோக்கி நெருங்கிவரும் ஒவ்வொரு புதுக் குடியிருப்பும் எதிர்கால வழக்கு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது என்பது மெய்.

நிலம் மட்டும்தானா? எதிர்ச்சான்றுகள்

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து ஸ்பீட்வேயைக் குற்றமற்ற பலியாடாகக் காட்டிவிடலாம். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. ஹர்ட்ஃபோர்ட்ஷயரின் ரை ஹவுஸ் 2017இல் முதல்நிலைக்கு ஏறியது. 2018 பருவத்தின் நடுவிலேயே விலகியது. ஈஸ்ட்போர்ன் 2021 ஆகஸ்டில் பாதி வழியில் கலைந்தது. நியூகாசில் 2022இல் அதே போல. வொர்க்கிங்டன் 2018இல் இரண்டாம்நிலை லீகையும் இரு கோப்பைகளையும் சேர்த்து வென்றது. 2019இல் களத்திலேயே இல்லை. இவர்களில் யாரையும் புல்டோசர் துரத்திவரவில்லை. வரவுக்கும் செலவுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் கூர்மையான எதிர்ச்சான்று மான்செஸ்டரில் இருக்கிறது. பெல் வியூவின் புகழ்பெற்ற ஹைட் ரோடு அரங்கு 1987இல் கார் ஏல நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அணி பக்கத்து நாய்ப்பந்தயத் திடலுக்கு ஒதுங்கி அங்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓட்டியது. பிறகு நகர மன்றத்தின் முதலீட்டில், கார்ட்டன் பகுதியில் தேசிய ஸ்பீட்வே அரங்கு எழுந்தது. 2016 மார்ச்சில் திறப்பு விழா. மாடங்கள் நிறைந்திருந்தன, தடம் மட்டும் ஓடும் நிலையில் இல்லை என்று ஆட்டம் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு அணி இறுதிப் போட்டிவரை போனது. ஆனால் ஆண்டு முடிவதற்குள் நடத்தியவர்கள் நிதிச் சிக்கலில் உரிமத்தை இழந்தார்கள். நிலம் பத்திரம், அரங்கு புதிது, அணி வலிது. அப்படியும் கவிழ்ந்தது. புதிய நிர்வாகம் 2017இல் வந்து மெல்ல மெல்ல நிமிர்த்தி, 2022இல் 29 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டத்தை வென்றது. அரங்கு பொதுச் சொத்தாக நின்றதால்தான் இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது என்று இதைப் படிக்கலாம். அரங்கு இருந்தும் முதல் வாய்ப்பு வீணானது என்றும் படிக்கலாம். இரண்டும் சரியே.

அப்படியானால் உள்ளிருக்கும் நோய் என்ன? விமர்சகர்கள் சுட்டும் இடம் ஆட்சிமுறை. பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் நடைமுறை விதிகளை நெடுங்காலமாகத் தீர்மானித்தவர்கள் அணி உரிமையாளர்களின் கூட்டமைப்பினர். ஒவ்வொரு குளிர்காலமும் கூடி, அடுத்த ஆண்டு எத்தனை அணிகள், என்ன வரம்பு, எந்த வீரர் யாருக்கு என்று தங்களுக்குள் வாக்களித்துக்கொள்வார்கள். போட்டியாளர்களே நடுவர்களுமாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் பொதுநலம் அடிபடுவது இயல்பு.

இதன் விளைவுகளில் மூன்று, ரசிகரை நேராகத் தொடுகின்றன. முதலாவது, சராசரி வரம்பு. ஒவ்வொரு வீரருக்கும் கடந்த ஆட்டங்களின்படி ஒரு சராசரி எண் உண்டு. ஓர் அணியின் எண்களைக் கூட்டினால் வரம்பைத் தாண்டக் கூடாது. நன்றாக ஓடிய அணியின் எண்கள் ஏறிவிடுவதால் அடுத்த ஆண்டு அதைக் கலைத்தே ஆக வேண்டும். வென்றதற்குத் தண்டனை. செலவைக் கட்டுக்குள் வைக்கவும் ஆட்டங்களைச் சமமாக்கவும் இது தேவை என்ற எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பணக்கார அணி ஒன்று எல்லோரையும் வாங்கிக்கொண்டால் லீகே நில்லாது. ஆனால் பிள்ளைகள் நெஞ்சில் ஒட்டிக்கொண்ட வீரர் ஆண்டுதோறும் வேறு சட்டை மாட்டினால் விசுவாசம் எங்கே வேர் விடும்?

இரண்டாவது, ஒரே வீரர் முதல்நிலையில் ஓர் அணிக்கும் இரண்டாம்நிலையில் வேறோர் அணிக்கும் ஓடுவது. போதுமான வீரர்கள் இல்லாததால் வந்த தற்காலிக வழி, நிரந்தரமாகிவிட்டது. மூன்றாவது, இரவல் வீரர்கள். அடிபட்டவருக்குப் பதிலாகப் போட்டி அணியிலிருந்தே ஒருவரை ஓர் இரவுக்கு அழைத்துக்கொள்ளலாம். வியாழனன்று எதிரியாக வந்து தோற்கடித்தவர் திங்களன்று நம் நிறத்தில் நிற்பார். புதிதாக வந்தவருக்கு இதை விளக்கிப் புரியவைப்பதற்குள் மூன்று ஹீட் முடிந்துவிடும்.

நிலமும் விதிகளும் தனித்தனி விளக்கங்கள் அல்ல. நாளை அரங்கு இருக்குமா என்று தெரியாத அமைப்பாளர் இந்தப் பருவத்தை ஓட்டினால் போதும் என்றே வாக்களிப்பார். பத்தாண்டுத் திட்டத்துக்கு அவரிடம் காரணம் இல்லை. குறுகிய குத்தகை குறுகிய பார்வையைப் பெறுகிறது.

போலந்து என்ற கண்ணாடி

உலகின் மிகப் பணக்கார லீக் இன்று போலந்தின் எக்ஸ்ட்ராலிகா. எட்டே அணிகள், நிரம்பி வழியும் அரங்குகள், நேரலைத் தொலைக்காட்சி. ஆறு முறை உலகச் சாம்பியனான பார்டோஷ் ஸ்மர்ஸ்லிக் பிரிட்டிஷ் லீகில் நிலையாக ஓடாமலேயே உச்சிக்குப் போனவர். மோகரின் காலத்தில் இது நினைத்தும் பார்க்க முடியாதது. அன்று உலகமே பிரிட்டனுக்கு ஓட வந்தது. இன்று பிரிட்டனின் முன்னணி வீரர்களின் பெருவருமானம் போலந்திலிருந்து. வீரர்கள் வேறு எத்தனை நாட்டு லீக்குகளில் ஓடலாம் என்பதற்கும் போலந்து வரம்பு விதித்ததுண்டு; மூன்று முறை உலகச் சாம்பியனான தாய் வூஃபின்டன் போன்றவர்கள் சொந்த நாட்டு லீகைவிட்டுப் பல பருவங்கள் விலகியிருந்ததற்கு இந்த ஈர்ப்பும் ஒரு பின்னணி.

‘போலந்துப் பணம் நம்மைக் கொன்றது’ என்பது பிரிட்டனில் எளிதாகக் கிடைக்கும் புலம்பல். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பாடம் வேறு. போலந்தில் அரங்குகள் பெரும்பாலும் நகராட்சிகளின் சொத்து. தோருன் நகரின் மோட்டோஅரேனா 2009இல் திறந்த நகராட்சிக் கட்டடம். மின்சார, எண்ணெய் நிறுவனங்களான அரசுசார் பெருந்தொழில்களின் பெயர்கள் லீகிலும் அணிச் சட்டைகளிலும் பொறித்திருக்கும். ஒவ்வோர் அணியும் உள்நாட்டு இளையோரைக் களமிறக்கியே ஆக வேண்டும் என்ற விதி பயிற்சிப் பள்ளிகளை உயிரோடு வைத்திருக்கிறது. கால்பந்தில் பெரிய பேர் இல்லாத நடுத்தர ஊர்களுக்கு ஸ்பீட்வேயே ஊர்ப் பெருமை.

இந்த மாதிரியை அப்படியே பிரிட்டனில் நடலாமா? நூலகங்களை மூடிக்கொண்டிருக்கும் பிரிட்டிஷ் நகர மன்றங்களிடம் பந்தயத் தடம் கேட்பது கடினம். அரசியல் தயவில் நிற்கும் போலந்துப் பணமும் என்றென்றைக்கும் உத்தரவாதம் அல்ல. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: அங்கே அணி தோற்கலாம், கடனில் விழலாம், அரங்கை யாரும் குடியிருப்புக்கு விற்றுவிடுவதில்லை.

இனி?

முரண் என்னவென்றால், லீக் தேய்ந்த ஆண்டுகளில்தான் தேசிய அணி ஓங்கியது. 2021 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் போட்டியில் பிரிட்டன் வென்றது. 1989க்குப் பிறகு முதல் அணிப் பட்டம். ராபர்ட் லாம்பர்ட், டான் ப்யூலி, டாம் பிரென்னன் ஆகிய மூவர் அன்று மேடை ஏறினார்கள். ப்யூலி, மூடிப்போன வொர்க்கிங்டன் அணியில் வளர்ந்தவர். பிரென்னனின் ஈஸ்ட்போர்ன் அணி அந்தப் பட்டத்துக்கு இரண்டு மாதங்கள் முன்புதான் கலைந்திருந்தது. 2024இல் அதே அரங்கில் பிரிட்டன் மறுபடியும் வென்றது. இதை நம்பிக்கைச் செய்தியாக மட்டும் கொள்ள முடியாது. இந்த வீரர்கள் முளைத்த நாற்றங்கால்கள் அழிந்தால் அதன் விளைவு பத்தாண்டு கழித்தே தெரியும்.

2001 முதல் கார்டிஃபின் மூடுகூரை அரங்கில் நடந்துவந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரி, 2024க்குப் பிறகு அங்கிருந்து கிளம்பி, 2025 ஜூனில் இரண்டு இரவுகளாக மான்செஸ்டரின் தேசிய அரங்குக்கு வந்தது. கார்டிஃப் நல்ல ஆண்டுகளில் 40,000 பேரை இழுத்தது. மான்செஸ்டரில் சில ஆயிரம் பேருக்கே இடம். சுருக்கம் என்று வருந்தியவர்கள் உண்டு. ஒரே நாளுக்காகப் பாரவண்டிகளில் மண்ணை ஏற்றிவந்து பெரிய அரங்கில் கொட்டித் தடம் போடும் செலவும், அந்தத் தடங்களின் தரம் பற்றிய வீரர்களின் முணுமுணுப்பும் மறந்துவிடக் கூடாதவை. தனக்கென்று கட்டிய தடத்தில், வளைவில் நாலு பேரும் வெவ்வேறு பாதை பிடிக்க இடமுள்ள இடத்தில், ஆட்டம் தன் இயல்பில் ஓடும்.

இந்த நூற்றாண்டில் புதிதாகத் தோன்றிய தடங்களைப் பட்டியலிட்டால் ஒரு திசை புலப்படும்: 2005இல் ஸ்கந்தார்ப், 2006இல் ரெட்காரும் பிளிமத்தும், 2011இல் லெஸ்டர், 2016இல் மான்செஸ்டர். பெரும்பாலும் எளிய கட்டுமானங்கள். தொழிற்பேட்டை ஓரங்களிலும் நகரின் விளிம்புகளிலும் அமைந்தவை. நாய்ப்பந்தய முதலாளியின் நிழலில் பிறக்காதவை. லெஸ்டரின் பழைய பிளாக்பேர்ட் ரோடு அரங்கு 1983இல் போனது. புதியது வர 28 ஆண்டுகள் பிடித்தன. அதே வேகத்தில் பீட்டர்பரோவும் ஸ்விண்டனும் திரும்ப வேண்டுமானால் இன்றைய ரசிகர்களில் பலர் அதைப் பார்க்க இருக்கமாட்டார்கள்.

எனவே வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டியது லீகில் ஏழு அணிகளா எட்டா, இரண்டு நிலைகளா ஒன்றா என்ற குளிர்காலத் தகராறை அல்ல. எத்தனை அணிகளின் குத்தகைப் பத்திரத்தில் பத்தாண்டுக்கு மேல் மிச்சமிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். சொந்தமாகவோ நகர மன்றத்திடம் நீண்ட குத்தகையிலோ தடம் வைத்திருக்கும் அணிகள் பத்துப் பன்னிரண்டு தேறினால் அதைச் சுற்றி ஒரு சிறிய, நிலையான லீகைக் கட்டலாம். வீரர்களின் எண்ணிக்கையும் அந்த அளவுக்கே தாங்கும். அந்த லீகின் வரைபடத்தில் வடக்கும் நடுநாடும் ஸ்காட்லாந்தும் கிழக்கு ஆங்கிலியாவும் இருக்கும். ஐந்து அணிகள் ஒருகாலத்தில் ஓடிய லண்டன் இருக்காது. அங்கே தடம் மீண்டும் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அந்நகரின் நில விலையை வைத்துப் பார்த்தால் அதை இந்தத் திட்டத்தில் சேர்ப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.